அணியம் முதல் சுக்கான் வரை: கப்பலின் உறுப்புப் பெயர்களைக் கற்கும் முறை

கப்பலைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும், கரையில் பழகிய நான்கு சொற்களை முதலில் இறக்கி வைத்துவிட வேண்டும். முன்னால், பின்னால், இடது, வலது என்பவையே அவை. பேசுபவர் எந்தத் திசை பார்த்து நிற்கிறாரோ அதற்கேற்ப அவற்றின் பொருள் மாறும். எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருவருக்கு இடமாக இருப்பது மற்றவருக்கு வலமாகிவிடும். இருட்டில், மழையில், எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே ஒருவர் ‘இடது பக்கம் தண்ணீர் ஏறுகிறது’ என்று கத்தினால், யாருடைய இடது என்று கேட்டுத் தெளிய அங்கே நேரம் இருக்காது. அதனால்தான் கடலோடிகள் கப்பலையே ஓர் உடலாகக் கருதி, அதன் முகத்துக்கும் முதுகுக்கும் இரு விலாக்களுக்கும், பார்ப்பவர் எங்கே நின்றாலும் மாறாத பெயர்களை வைத்துக்கொண்டார்கள்.

தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் சேர்ந்த மாணவர்கள், துறைமுகத்தில் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்படும் போர்க்கப்பலைக் காணச் செல்பவர்கள், கப்பல் செய்திகளைத் தமிழில் எழுதுபவர்கள் ஆகிய மூவரையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். அகராதி வரிசையில் சொற்களை மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். முதலில் திசை, அடுத்து உயரம், அதன்பின் எலும்புக்கூடு, கடைசியில் உள்ளறைகளும் கருவிகளும் என்ற வரிசையில் கற்றால், ஒவ்வொரு சொல்லும் அதற்கு முந்தைய சொல்லைப் பற்றிக்கொண்டு நிற்கும். எடுத்துக்காட்டாக ஒரே கப்பலை வைத்துக்கொள்வோம். நம் தலைநகரின் பெயரைத் தாங்கி, 2016 நவம்பர் 21 அன்று மும்பையில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்ட ஐ.என்.எஸ். சென்னை என்னும் நாசகாரிக் கப்பல் இதற்குப் பொருத்தமானது. அதன் நீளம் 164 மீட்டர். நீர்ப்பெயர்ச்சி, அதாவது அது ஒதுக்கும் நீரின் எடை, 7,500 டன்னுக்கு மேல்.

திசைகள்

ஒரு தாளை எடுத்து, சிறு வயதில் மழைநீரில் விட்ட காகிதக் கப்பலைச் செய்துகொள்ளுங்கள். அதன் இரு முனைகளும் ஒன்றுபோலவே இருப்பதைக் கவனியுங்கள். எந்த முனை முகம் என்று நீங்களே முடிவு செய்து, அதில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மெய்யான கப்பலுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. நீரைக் கிழிக்கும் கூரிய முனைக்குக் கடற்படையில் ‘பௌ’ என்று பெயர்; நம் கடற்கரைத் தமிழில் அதற்கு ‘அணியம்’ என்ற அழகான சொல் இருக்கிறது. எதிர்முனை ‘ஸ்டெர்ன்’, அதாவது பின்புறம். இரண்டுக்கும் நடுவிலுள்ள பகுதி ‘மிட்ஷிப்’. அணியத்திலிருந்து பின்புறம் வரை நடுவே ஓடும் கற்பனைக் கோடு மையக்கோடு. அதற்குக் குறுக்கே, கப்பலின் மிக அகலமான இடத்தில் எடுக்கும் அளவு ‘பீம்’.

இப்போது காகிதக் கப்பலின் நடுவே நீங்கள் அணியத்தைப் பார்த்து நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் இடக்கைப் பக்கம் ‘போர்ட்’, வலக்கைப் பக்கம் ‘ஸ்டார்போர்ட்’. இனி நீங்கள் திரும்பி நின்றாலும், படுத்தாலும், கரையில் இறங்கி எதிரே நின்று பார்த்தாலும் போர்ட் போர்ட்தான். போர்ட் பக்கத்தைச் சிவப்புப் பென்சிலாலும் ஸ்டார்போர்டைப் பச்சையாலும் தீட்டிவிடுங்கள். இந்த நிறங்கள் நம் விருப்பத்தால் வந்தவை அல்ல. உலகின் எல்லாக் கப்பல்களும் இரவில் போர்ட் பக்கம் சிவப்பு விளக்கும் ஸ்டார்போர்ட் பக்கம் பச்சை விளக்கும் ஏற்றுகின்றன. நினைவில் நிறுத்த ஓர் எளிய வழி உண்டு: இதயம் இடப்பக்கம், இரத்தம் சிவப்பு.

இந்த இரு பெயர்களின் கதையைத் தெரிந்துகொண்டால் அவை ஒருபோதும் மறக்காது. ஐரோப்பாவின் வடகடல் கலங்களில் சுக்கான் பின்புறத்து நடுவில் இல்லாமல், வலப்பக்க விளிம்பில் கட்டிய பெரிய துடுப்பாக இருந்தது. அந்தப் பக்கம் ‘திசைதிருப்பும் பக்கம்’ என்று பழைய ஆங்கிலத்தில் வழங்கி, பிறகு ஸ்டார்போர்ட் ஆனது. அந்தத் துடுப்பு துறைச்சுவரில் மோதி உடையாதிருக்க, கலத்தை எப்போதும் இடப்பக்கமாகவே கரையில் அணைத்தார்கள். ஆகவே அது துறைமுகப் பக்கம். இடப்பக்கத்துக்கு முன்பு ‘லார்போர்ட்’ என்ற பெயரே வழங்கியது. காற்றடிக்கும்போது லார்போர்டும் ஸ்டார்போர்டும் காதில் ஒன்றுபோல் விழுந்து ஆபத்தை உண்டாக்கியதால், பிரிட்டிஷ் கடற்படை 1844இலும் அமெரிக்கக் கடற்படை 1846இலும் லார்போர்டைக் கைவிட்டு, போர்ட் என்பதையே பயன்படுத்த ஆணையிட்டன. ஒரு சொல் கேட்பதற்குத் தெளிவாக இல்லை என்பதற்காகக் கடற்படைகளே அதை மாற்றிய இந்த நிகழ்ச்சியை நான் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவது வழக்கம்.

ஆணைகளிலும் இப்படியொரு குழப்பம் இருந்தது. சுக்கானின் மேற்பிடி ஒரு பக்கம் தள்ளப்பட்டால் கப்பல் மறுபக்கம் திரும்பும். பழைய வழக்கில் ஆணை அந்தப் பிடிக்கே கொடுக்கப்பட்டது. 1912 ஏப்ரல் 14 இரவு பனிப்பாறையைக் கண்டதும் டைட்டானிக்கில் ‘ஸ்டார்போர்ட்’ என்று ஆணை பிறந்தபோது, அந்த வழக்கப்படி சரியாகவே கப்பல் போர்ட் பக்கம் திரும்பியது. 1930களின் தொடக்கத்தில்தான் பிரிட்டிஷ் கப்பல்களில் இது மாற்றப்பட்டு, ஆணையும் கப்பல் திரும்பும் திசையும் ஒன்றாயின. பழைய கடற்பயணக் குறிப்புகளை மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

தொலைவில் ஒரு பொருளைக் காணும் காவலர் அதை எப்படிச் சுட்டுவது? பிரிட்டிஷ் மரபைப் பின்பற்றும் கடற்படைகளில், அணியத்தைச் சுழியமாகக் கொண்டு இரு பக்கமும் 180 பாகை வரை எண்ணி, நிறத்தின் பெயரை முன்னால் சேர்த்துச் சொல்வார்கள். ‘ரெட் நான்கு ஐந்து’ என்றால் இடப்பக்கம் 45 பாகையில். ‘கிரீன் ஒன்பது பூஜ்யம்’ என்றால் வலப்பக்கம் நேர் குறுக்கே. ஏழெட்டுப் பாத்திரங்களைச் சுற்றி வைத்து, ஒருவர் சொல்ல மற்றவர் கைகாட்டும் விளையாட்டாக இதை வீட்டிலேயே பழகலாம்.

இரவில் கடற்கரைக்குச் சென்றால் இந்தப் பாடம் கண்முன்னே நடக்கும். ஓடும் கப்பலின் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் நேர் முன்னிருந்து தத்தம் பக்கம் 112.5 பாகை வரை மட்டுமே தெரியும்படி மறைப்பு வைத்திருப்பார்கள். பின்புறத்து வெள்ளை விளக்கு மீதி 135 பாகையை நிரப்பும். ஆகவே சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் போர்ட் பக்கம் உங்களை நோக்கியிருக்கிறது. அது உங்களுக்கு இடமாகப் போய்க்கொண்டிருக்கிறது. பச்சை மட்டும் தெரிந்தால் வலமாகப் போகிறது. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது உங்களை நோக்கியே வருகிறது. மெரினாவிலிருந்து பார்க்கையில் அசையாமல் நிற்கும் வெள்ளை விளக்குகளைக் கண்டு குழம்ப வேண்டாம்; அவை துறைமுகத்துக்குள் செல்ல முறை வரும்வரை நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்கள். நங்கூரமிட்ட கப்பல் சிவப்பும் பச்சையும் ஏற்றுவதில்லை.

தளங்கள்

அடுத்தது உயரம். கப்பலில் தரை என்று எதுவும் இல்லை. மிதிக்கும் இடமெல்லாம் ‘டெக்’, தமிழில் தளம். அணியத்திலிருந்து பின்புறம் வரை இடைவெளியின்றி ஓடும் மேல்தளத்தை ஒன்றாம் தளம் என்று வைத்துக்கொண்டு, கீழே இறங்க இறங்க 2, 3, 4 என்றும், மேலே ஏற ஏற 01, 02, 03 என்றும் எண்ணுவது கடற்படை வழக்கம். பூஜ்யம் முன்னால் இருந்தால் அந்த இடம் மேலே, இல்லாவிட்டால் கீழே என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். அமெரிக்கக் கடற்படை இதையே நீட்டித்து ஒவ்வோர் அறைக்கும் ஒரு முகவரி தருகிறது: 3-75-4 என்று கதவில் எழுதியிருந்தால், மூன்றாம் தளம், 75ஆம் விலாச்சட்டம் (கப்பலுடலைத் தாங்கும் விலா எலும்பு போன்ற சட்டம்), போர்ட் பக்கம் என்று பொருள், கடைசி எண் இரட்டைப்படையாக இருந்தால் போர்ட், ஒற்றைப்படையாக இருந்தால் ஸ்டார்போர்ட். புகை சூழ்ந்த நடைபாதையில் கதவைத் தடவிக்கொண்டே நடக்கும் மாலுமிக்கு அந்த எண்ணே வழித்துணை.

ஐ.என்.எஸ். சென்னையின் மேல்தளத்தில் அணியத்திலிருந்து நடந்து செல்வதாக வைத்துக்கொள்வோம். முதலில் வருவது முன்தளம். ஆங்கிலத்தில் ‘ஃபோர்கேசில்’ என்று எழுதினாலும் கடலோடிகள் ‘ஃபோக்சில்’ என்றே சொல்வார்கள். இடைக்காலத்துக் கலங்களின் முன்புறத்தில் வில்லாளிகள் நின்று அம்பெய்யக் கட்டிய கோட்டை போன்ற மேடையே அந்தப் பெயருக்குக் காரணம். நங்கூரச் சங்கிலியும் அதைச் சுருட்டி இழுக்கும் எந்திரமும் இங்கேதான் உள்ளன. அதற்குப் பின்னால் 76 மில்லிமீட்டர் பீரங்கி. அதற்கும் பின்னால், ஏவுகணைகள் செங்குத்தாகக் கிளம்பும் குழாய்களின் மூடிகள் தளத்தோடு தளமாக வரிசையில் இருக்கும். அடுத்துச் சுவர்போல எழுவது மேற்கட்டுமானம், அதாவது ‘சூப்பர்ஸ்ட்ரக்சர்’. அதன் முன்முகத்தில், நீளமான கண்ணாடிச் சாளரங்களுக்குப் பின்னால் இருப்பது ‘பிரிட்ஜ்’. கப்பலைச் செலுத்தும் ஆணைகள் பிறக்கும் இடம் அது. அதைப் பாலம் என்று மொழிபெயர்ப்பது பிழை என்று சிலர் நினைக்கிறார்கள். சொல்லின் வேர் பாலம்தான். பக்கச் சக்கரங்களால் ஓடிய நீராவிக் கப்பல்களில், இரு சக்கரக் கூடுகளையும் இணைத்துப் போட்ட நடைபாலத்தில் நின்றுதான் தலைவர் கட்டளையிட்டார். ஆயினும் இன்றைய தமிழ் வாசகருக்குப் பாலம் என்றால் வேறு பொருளே தோன்றுமாதலால், ‘செலுத்துமேடை’ என்றோ பிரிட்ஜ் என்றோ எழுதுவதே நல்லது.

பிரிட்ஜுக்கு மேலே எழுவது ‘மாஸ்ட்’. பாய் கட்டிய காலத்தில் அது பாய்மரம். சங்க இலக்கியத்தில் கூம்பு. இன்று அதில் பாய்க்குப் பதிலாக ரேடாரும் விளக்குகளும் கொடிக்கயிறுகளும் இருக்கின்றன. பாயைத் தாங்கிய குறுக்கு மரத்துக்கு நம்மவர் வைத்த பெயர் பருமல். மாஸ்டுக்குப் பின்னால் புகைபோக்கி, அதன்பின் ஹெலிகாப்டர்க் கூடம், கடைசியில் ஹெலிகாப்டர் இறங்கும் தளம். பின்புறத்துத் தளத்துக்குக் ‘குவார்ட்டர்டெக்’ என்று பெயர். மற்ற எந்தத் தளத்துக்கும் இல்லாத மரியாதை இதற்கு உண்டு. கப்பலில் ஏறும் வீரர் முதலில் குவார்ட்டர்டெக்கை நோக்கி வணக்கம் செலுத்துவார். பார்வையாளராகச் செல்லும்போது அங்கே கைகட்டிச் சாய்ந்து நிற்காமல் இருப்பது நாம் காட்டக்கூடிய மரியாதை.

எலும்புக்கூடு

கப்பலின் முழு உடலும் ‘ஹல்’. அதன் முதுகெலும்பு ‘கீல்’. முதுகெலும்பு என்றாலும் அது அடியில் இருப்பது. மல்லாந்து படுத்த மனிதரைப்போலக் கப்பலை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். தோணி கட்டும் ஓடாவிகள் கீலை ‘ஏரா’ என்பார்கள். அதிலிருந்து இரு பக்கமும் வளைந்து எழும் விலாச்சட்டங்களுக்கு ‘வங்கு’ என்று பெயர். எஃகுக் கப்பலில் அவை ‘ஃபிரேம்’. விலா எலும்புகளின்மேல் தோல்போல மரத்தோணியில் பலகையும் எஃகுக் கப்பலில் தகடும் போர்த்தப்படுகின்றன. பலகைகளின் இடுக்கில் பஞ்சையோ நாரையோ திணித்து நீர் புகாமல் அடைக்கும் வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். தகடுகளைப் பற்றவைத்து இணைக்கும் எஃகுக் கப்பலுக்கு அது தேவையில்லாமல் போயிற்று. ஏராவும் வங்கும் தெரிந்த ஒருவர் எந்த நாட்டுக் கப்பலின் வரைபடத்தைக் கண்டாலும் திகைக்க மாட்டார். ஆகையால் இந்தச் சொற்களைப் பழையவை என்று ஒதுக்காமல் பாடப்புத்தகங்களில் சேர்க்க வேண்டும் என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

விலாச்சட்டங்களுக்கு நடுவே, கப்பலை அறை அறையாகப் பிரிக்கும் குறுக்குச் சுவர் ‘பல்க்ஹெட்’. வீட்டுச் சுவர் போன்றதே என்று எண்ணிவிடக் கூடாது. அதன் முதன்மையான வேலை தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது. ஓர் அறையில் நீர் புகுந்தால் அடுத்த அறைக்குச் செல்லாமல் தடுத்தாலே கப்பல் மிதக்கும். டைட்டானிக்கில் இப்படி 15 குறுக்குச் சுவர்களும் அவற்றால் பிரிந்த 16 அறைகளும் இருந்தன. முன்புறத்து அறைகளில் முதல் நான்கு நிரம்பினாலும் அது மிதந்திருக்கும். ஆனால் அன்றிரவு நான்குக்கு மேற்பட்ட அறைகளில் நீர் புகுந்தது. சுவர்கள் போதிய உயரம் எழாததால், அணியம் தாழத் தாழ, ஓர் அறையின் நீர் சுவரின் மேல் வழிந்து அடுத்த அறைக்குள் இறங்கியது. ஐஸ் தட்டைக் குழாயடியில் சாய்த்துப் பிடித்து, ஒரு முனையிலுள்ள குழியில் மட்டும் நீரை விட்டுப் பாருங்கள். நடந்தது உடனே புரியும்.

அடியில் இரட்டைத் தளம் உண்டு. வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் இடையே எரிபொருளோ நிலைநிறுத்தும் நீரோ இருக்கும். உடலின் பக்கமும் அடியும் வளைந்து சேரும் இடம் ‘பில்ஜ்’. கசியும் நீரும் எண்ணெயும் சென்று தேங்குவதும் அங்கேதான். நீருக்கடியில் அணியம் குமிழ்போலப் புடைத்திருந்தால், சரக்குக் கப்பலில் அது அலைத்தடையைக் குறைக்கும் குமிழ். போர்க்கப்பலில் பெரும்பாலும் அதனுள், நீருக்கடியில் உள்ளவற்றை ஒலியால் கண்டறியும் சோனார் கருவி இருக்கும்.

நீர்மட்டமும் அளவுகளும்

கப்பலின் பக்கத்தில் நீர் தொடும் கோடு நீர்க்கோடு. அதற்குக் கீழே அமிழ்ந்திருக்கும் ஆழம் ‘டிராஃப்ட்’. மேலே, தளம் வரை உள்ள உயரம் ‘ஃபிரீபோர்ட்’. அணியத்திலும் பின்புறத்திலும் தகட்டின்மேல் எண்கள் செங்குத்தாக எழுதப்பட்டிருப்பதைத் துறைமுகத்தில் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்வது இந்தப் பயிற்சியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மீட்டர் முறையில் ஒவ்வோர் எண்ணும் 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். ஓர் எண்ணின் அடிவிளிம்பிலிருந்து அடுத்த எண்ணின் அடிவிளிம்பு வரை 20 சென்டிமீட்டர். எண்ணின் அடிவிளிம்பே சரியான அளவைக் காட்டும். 6 மீட்டர்க் குறிக்கு மேலே 4 என்ற எண்ணின் அடியை நீர் தொட்டால் ஆழம் 6.40 மீட்டர், அந்த 4 பாதி மூழ்கியிருந்தால் 6.45, முழுதும் மூழ்கித் தலை மட்டும் நீரோடு ஒட்டியிருந்தால் 6.50. அலை ஏறி இறங்கும்போது மேல் அளவையும் கீழ் அளவையும் சில முறை பார்த்து, நடு அளவை எடுக்க வேண்டும். முன்புற எண்ணும் பின்புற எண்ணும் வேறுபட்டால் அந்த வேறுபாடு ‘டிரிம்’. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றால் அது ‘லிஸ்ட்’. அலையால் இரு பக்கமும் மாறி மாறி ஆடுவது ‘ரோல்’. அணியம் எழுந்து தாழ்வது ‘பிட்ச்’. சாய்வும் ஆட்டமும் ஒன்றல்ல.

சரக்குக் கப்பலின் நடுப்பக்கத்தில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் இருக்கும். அளவுக்கு மீறிச் சரக்கேற்றி மாலுமிகளைச் சாகவிடும் வழக்கத்தை எதிர்த்துப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் போராடிய சாமுவேல் பிளிம்சாலின் பெயரால் அது வழங்குகிறது. அதைக் கட்டாயமாக்கிய சட்டம் 1876இல் வந்தது. வட்டத்துக்கு அருகே ஏணிபோல் பல கோடுகள் இருப்பதற்குக் காரணம், கப்பல் எல்லா நீரிலும் ஒரே ஆழத்தில் மிதப்பதில்லை என்பதே. உப்புநீரைவிட நன்னீர் அடர்த்தி குறைந்தது. கடலிலிருந்து கொல்கத்தா போன்ற ஆற்றுத் துறைமுகத்துக்குள் செல்லும் கப்பல், சரக்கு ஒரு மூட்டைகூடக் கூடாமலே சற்று அமிழும். போர்க்கப்பலில் இந்த வட்டத்தைத் தேட வேண்டாம். அந்த விதிகள் போர்க்கப்பல்களுக்குப் பொருந்துவதில்லை.

அமிழும் ஆழத்தின் அருமையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். கூம்பையும் மேற்பாயையும் களையாமல், மேலேற்றிய பாரத்தையும் குறைக்காமல், புகாரின் ஆற்றுமுகத்துக்குள் பெருங்கலம் நுழைந்ததைப் புறநானூற்றின் 30ஆம் பாட்டு பெருமையாகச் சொல்கிறது. பாரத்தை இறக்கி அமிழ்வைக் குறைத்த பிறகே ஆற்றுமுகத்துக்குள் நுழைவது கலங்களின் பொது வழக்கம் என்பதும், புகாருக்கு அது தேவைப்படவில்லை என்பதும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கின்றன.

டன் என்ற சொல்லில் செய்தியாளர்கள் அடிக்கடி தடுக்கி விழுகிறார்கள். போர்க்கப்பலுக்குச் சொல்லப்படும் டன், அது ஒதுக்கும் நீரின் எடை; கப்பலின் எடையும் அதுவே. பயணிகள் கப்பலுக்கும் சரக்குக் கப்பலுக்கும் ‘கிராஸ் டன்னேஜ்’ என்று கொடுப்பது எடையே அல்ல. உள்வெளியின் கொள்ளளவிலிருந்து கணக்கிடப்படும் ஓர் எண். அதை ‘இத்தனை டன் எடையுள்ள கப்பல்’ என்று எழுதுவது தவறு. வேகத்துக்கு ‘நாட்’, ஒரு நாட் என்பது மணிக்கு 1,852 மீட்டர். 30 நாட் என்றால் மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். ‘மணிக்கு 30 நாட்’ என்று எழுதினால் மணி இரண்டு முறை வந்துவிடும். ஆழத்துக்கு ‘ஃபேதம்’, ஆறடி. இரு கையையும் விரித்து அளக்கும் இதே அளவை நம் மீனவர்கள் பாகம் என்பார்கள்.

உள்ளே நுழையும்போது

கப்பலுக்குள் வீட்டுச் சொற்கள் பெரும்பாலும் செல்லுபடியாகா. தரை டெக், சுவர் பல்க்ஹெட், கூரை டெக்ஹெட், படிக்கட்டு லேடர், சமையலறை கேலி, அதிகாரிகள் உண்டு இளைப்பாறும் கூடம் வார்ட்ரூம், மாலுமிகளுடையது மெஸ். கழிப்பறைக்கு ‘ஹெட்ஸ்’ என்று பெயர். பாய்க்கப்பலில் அது தலைப்புறமான அணியத்தில் இருந்தது, பின்னாலிருந்து வீசும் காற்று நாற்றத்தை முன்னால் கொண்டுபோய்விடும் என்பதற்காக.

கதவும் ‘ஹேட்ச்’சும் வேறு வேறு. நிற்கும் சுவரில் இருப்பது கதவு. மிதிக்கும் தளத்தில் மேல்நோக்கித் திறப்பது ஹேட்ச். நீர்புகாக் கதவின் அடியில் முழங்கால் உயரம் வரைகூட இரும்பு விளிம்பு இருக்கும். அதன்மேல் கால் வைத்து ஏறக் கூடாது. முழுதாகத் தாண்ட வேண்டும். மேற்புறமும் தாழ்வாக இருக்குமாதலால் தலையைக் குனிந்து, ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு செல்லுங்கள். கதவின் விளிம்பில் விரல்களை ஒருபோதும் வைக்காதீர்கள். கப்பல் சற்றே ஆடினாலும் அந்தக் கனமான எஃகு தானாகவே சாத்திக்கொள்ளும். செங்குத்தான லேடரில் இறங்கும்போது ஏணியைப் பார்த்தபடியே இறங்க வேண்டும். பார்வையாளர்களில் பலர் வீட்டுப் படியில் இறங்குவதுபோல முன்னோக்கி இறங்கி, குதிகால் வழுக்கிக் கீழே நிற்பவர்மேல் விழுவதைக் கண்டிருக்கிறேன்.

இயங்கும் உறுப்புகள்

பின்புறத்துக்கு அடியில் புரொப்பல்லர் என்னும் உந்துவிசிறியும், அதற்கு நேர் பின்னால் சுக்கானும் இருக்கும். சுக்கான் பின்னால் இருப்பதற்குக் காரணம் உண்டு: விசிறி தள்ளும் நீரோட்டம் அதன்மேல் மோதுவதால், கப்பல் மெதுவாகச் செல்லும்போதும் திருப்பும் விசை கிடைக்கிறது. கார் ஓட்டிப் பழகியவர்கள் ஒன்றை மாற்றி எண்ணிக்கொள்ள வேண்டும். காரில் முன்புறம் திரும்ப, பின்புறம் அதைத் தொடர்ந்து வரும். கப்பலிலோ சுக்கான் பின்புறத்தைத் தள்ளுகிறது, அதனால் அணியம் திரும்புகிறது. போர்ட் பக்கம் திரும்பும்போது பின்புறம் ஸ்டார்போர்ட் பக்கம் வீசிச் செல்லும். துறைச்சுவருக்கு அருகே இதை மறந்தால் பின்புறம் சுவரில் மோதும்.

சுக்கான் என்ற சொல் அரபு மொழியிலிருந்தும், நங்கூரம் பாரசீக லங்கரிலிருந்தும் நமக்கு வந்தன. மாலுமி என்பதும் அரபு முஅல்லிமின் வழிவந்ததே. அதற்கு ஈடாக நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் கட்டமரானாகி உலகமெங்கும் சென்றுவிட்டது. எனவே பௌ, போர்ட் என்று எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை. கடற்சொற்கள் எப்போதும் துறைக்குத் துறை மாறிவந்தவையே.

நங்கூரத்தின் எடை மட்டுமே கப்பலைப் பிடித்து நிறுத்துகிறது என்பது பரவலான தவறான எண்ணம். ஆழத்தைப்போலப் பல மடங்கு நீளத்துக்குச் சங்கிலியை விட்டால்தான், அதன் ஒரு பகுதி கடல்தரையில் படுத்து, இழுப்பு கிடையாக விழுந்து, நங்கூரத்தின் கொழுக்கள் மண்ணைப் பற்றும். சங்கிலி குறைந்தால் இழுப்பு மேல்நோக்கி எழும்பி, நங்கூரம் பெயர்ந்துவிடும். சங்கிலியின் நீளத்தை ‘ஷேக்கிள்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு ஷேக்கிள் 27.5 மீட்டர், ஏறத்தாழ 15 பாகம். தளத்திலிருந்து சங்கிலி வெளியேறும் குழாய் ‘ஹாஸ்பைப்’. கப்பலின் முகத்தில் இரு கண்கள்போலத் தெரியும் துளைகள் அவையே.

கடைசியாக, கரையில் கட்டும் கயிறுகள். அணியத்திலிருந்து முன்னோக்கிச் செல்வது முன்கயிறு, பின்புறத்திலிருந்து பின்னோக்கிச் செல்வது பின்கயிறு, நேர் குறுக்கே கரைக்குச் செல்வது ‘பிரெஸ்ட்’. இவற்றோடு, அணியத்தருகே தொடங்கிப் பின்னோக்கியும், பின்புறத்தருகே தொடங்கி முன்னோக்கியும் சரிந்து செல்லும் இரு கயிறுகளைக் காண்பீர்கள். அவற்றுக்கு ‘ஸ்பிரிங்’ என்று பெயர். மற்றவை கப்பலைக் கரையோடு அணைத்து வைக்க, கப்பல் முன்னும் பின்னும் நழுவாமல் தடுப்பவை இந்த இரண்டும்தான். அடுத்த முறை காசிமேட்டிலோ தூத்துக்குடியிலோ தூரத்தில் நின்று பார்க்கும்போது, குட்டை இரும்புத் தூண்களில் மாட்டிய ஒவ்வொரு கயிற்றையும் கண்ணால் தொடர்ந்து சென்று, அது முன்கயிறா, பிரெஸ்டா, ஸ்பிரிங்கா என்று சொல்லிப் பாருங்கள். ஆனால் இறுகியிருக்கும் கயிற்றின் அருகிலோ அதன் நேர்க்கோட்டிலோ மட்டும் நிற்காதீர்கள். அறுந்த கயிறு திரும்பி வீசும் வேகத்துக்கு ஒதுங்க எவராலும் முடியாது.